கிணற்றடிப் பனங்கப்பில் கசிந்த மின்சாரம்

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலை. கிணற்றடிக்குப் போன அம்மா போன வேகத்திலேயே திரும்பி வந்தார். "தம்பி, பைப்பில கை வைக்க விறுவிறெண்டு இழுக்குது. கரண்ட் போல கிடக்கு" என்றார். வெறுங்கால், நனைந்த சீமெந்துத் தரை, கையில் இரும்புக் குழாய். கேட்டவுடன் எனக்கு வயிறு கலங்கியது. ஓடிப்போய் மெயின் சுவிச்சை இறக்கிய பிறகுதான் அவருடைய கையைப் பார்த்தேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து உரும்பிராயில். கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பனங்கப்பு (பனைமரத் தூண்) நட்டு, மேலே தகரம் போட்ட சின்னக் கொட்டில். அதற்குள் அரைக் குதிரைவலு மோட்டர். வீட்டிலிருந்து வரும் வயர் ஒரு கப்பின் வழியாக இறங்குகிறது. மோட்டரிலிருந்து மேலே போகும் இரும்புக் குழாயையும் அதே கப்பில்தான் இரும்புப் பட்டி போட்டு இறுக்கியிருக்கிறது. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். பிழை முழுவதும் அந்த ஒரு கப்பில்தான் இருந்தது.

முதலில் சந்தேகப்பட்டது மோட்டரை. இரப்பர் செருப்புப் போட்டு, காய்ந்த பலகையில் நின்று, ஒரு தடவை மட்டும் மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ரெஸ்ரர் குழாயில் பளிச்சென்று எரிந்தது. குழாய்க்கும், ஈர மண்ணில் குத்திய ஓர் ஆணிக்கும் இடையில் மல்ரிமீற்றர் 90 வோல்ற்றைத் தாண்டிக் காட்டியது. திரும்ப மெயினை இறக்கி, மோட்டருக்கு வரும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டுச் சுருளுக்கும் உடலுக்கும் இடையில் தடையை அளந்தேன். மீற்றர் எட்டும் அளவுக்கு மேலே, அதாவது கசிவு தெரியவில்லை. மீற்றருக்குள் இருப்பது சின்னப் பற்றரி என்பதால் அதை மட்டும் நம்பி மோட்டர் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் மோட்டரைக் கழற்றிய பிறகும், அதற்கு வரும் லைன் வயருக்கும் குழாய்க்கும் இடையில் 60 கிலோஓம் காட்டியது. மோட்டரே இல்லாத பாதையில் 60 கிலோஓம் எங்கிருந்து வந்தது?

கப்பில் தோள் உயரத்தில் வயரில் ஓர் ஒட்டு இருந்தது. சுற்றியிருந்த டேப் வெயிலில் பொரிந்து, பிசின் போய், ஈரத்தில் ஊறிக் கிடந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. அதற்கு ஒரு சாண் கீழேதான் குழாயை இறுக்கிய இரும்புப் பட்டி. நடுவில் இருப்பது மரம் மட்டும். பள்ளிக்கூடத்தில் மரம் மின்சாரத்தைக் கடத்தாது என்று படித்தோம், அந்த வரியை நம்பித்தான் அந்த வயரை மரத்தில் ஆணியடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். 230 வோல்ற்றை 60 கிலோஓமால் வகுத்தால் 4 மில்லியம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 1 மில்லியம்பியர் அளவிலேயே கை உணரத் தொடங்கிவிடும். அம்மா சொன்ன விறுவிறுப்புக்கும் இந்தக் கணக்குக்கும் பொருத்தம் இருந்தது.

சரி, மழை ஓய்ந்த பிறகு 60 கிலோஓம் என்றால், கொட்டும்போது எவ்வளவு? மெயின் இறங்கியபடியே இருக்க, ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை ஒட்டின் மேல் ஊற்றினேன். மீற்றர் மளமளவென்று இறங்கி 6 கிலோஓமில் நின்றது. 230 வோல்ற்றில் 38 மில்லியம்பியர். 10 மில்லியம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிப் பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். 30ஐத் தாண்டினால் மூச்சும் இதயமும் ஆபத்தில். அந்த எண்ணைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மழை கொட்டும்போது அம்மா கிணற்றடிக்குப் போகாமல் இருந்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அந்த 38 இன்னொரு பழைய கதையையும் விளக்கியது. சில வருடங்களுக்கு முன் மாரியில் வீட்டு ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுந்தது. வீடுகளில் இருக்கும் ட்ரிப் சுவிச் போகிற மின்னோட்டத்தையும் திரும்பி வருகிற மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லியம்பியர் வித்தியாசம் வந்தால், வேறு வழியாக எங்கோ கசிகிறது என்று அறுத்துவிடும். அது சரியாகத்தான் விழுந்திருக்கிறது. பார்க்க வந்தவர் கசிவைத் தேடவில்லை. மோட்டர் லைனை ட்ரிப் சுவிச்சுக்கு முன்னாலிருந்து நேரே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். விழுவது நின்றது. நாங்களும் திருத்திவிட்டார் என்றே நினைத்திருந்தோம். இது இன்னும் எத்தனை வீடுகளில் இப்படியே கிடக்கிறதோ என்று நினைக்கும்போதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அடுத்தது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயர். எர்த் சரியாக இருந்திருந்தால் அந்த 4 மில்லியம்பியர் அம்மாவின் கைக்கு வராமல் மண்ணுக்குள் போயிருக்கும். மோட்டர் உடலிலிருந்து ஒரு பச்சை வயர் போகத்தான் செய்தது. பின்தொடர்ந்து போனால், மண்ணில் அடித்திருந்த கம்பிக்கு இரண்டு அடி முன்னால், செம்பு வயரோடு ஒரு துண்டு அலுமினிய வயரை முறுக்கி நீளம் சேர்த்திருந்தார்கள். தொட்டதும் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அதுவே ஒரு சின்னப் பற்றரி ஆகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். அரித்து வருகிற அலுமினிய ஒக்சைட்டு நல்ல மின்காப்புப் பொருள். வெளியே பார்த்தால் வயர் தொடர்ச்சியாகத்தான் கிடந்தது, உள்ளே பாதை அறுந்து எவ்வளவு காலமோ தெரியாது.

அன்று பின்னேரம் வேலையை நிறுத்திவிட்டேன். மண்டை முழுக்க மரமும் தண்ணீரும்தான் ஓடின. அக்காவின் மகள் தரம் 9 படிக்கிறாள். "மாமா, தண்ணி கரண்டைக் கடத்துமெண்டால் எல்லாத் தண்ணியும் ஒரே மாதிரியே கடத்தும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அளந்து பார்ப்போம் என்று இருவருமாக மேசையில் உட்கார்ந்தோம். வீட்டு மின்சாரம் எதையும் தொடவில்லை. பழைய அம்பிளிபயரிலிருந்து கழற்றிய 12 வோல்ற் மின்மாற்றி, ஏசி மில்லியம்பியரும் அளக்கும் மீற்றர், சில்வர் சைக்கிள் கம்பி இரண்டு. இவ்வளவுதான் சாமான்.

முதலில் சோம்பலில் மீற்றரின் ஓம் பக்கத்திலேயே வைத்துத் தண்ணீரை அளந்தேன். எண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. 400, 500, 700 என்று ஏறிக்கொண்டே போனது. மீற்றர் கெடவில்லை. தண்ணீருக்குள் மின்சாரம் போகும் விதமே வேறு. செம்பில் அணுக்களை விட்டுவிட்டு அலையும் இலத்திரன்கள் நகர்கின்றன, செம்பு அப்படியே இருக்கும். தண்ணீரில் அப்படிச் சும்மா திரியும் இலத்திரன் இல்லை. அதில் கரைந்த உப்பின் அயன்கள்தான் மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு நடக்கின்றன. நேர் அயன் ஒரு பக்கம், மறை அயன் மறு பக்கம். ஒரே திசையில் மின்சாரம் கொடுத்தால் அவை கம்பிகளில் போய்க் குவிந்து, குமிழி கட்டி, பின்னால் வருவதற்கு வழி மறிக்கும். அதனால்தான் தடை ஏறிக்கொண்டே போனது. ஏசியில் விநாடிக்கு 50 தடவை திசை முன்னும் பின்னுமாக மாறுவதால் குவிவதற்கு நேரம் குறைவு. மின்மாற்றிக்கு மாறியதும் எண் அமைதியாக நின்றது.

சைக்கிள் கம்பிகளை 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஓர் இறெஜிபோம் (தெர்மோகோல்) துண்டில் குத்தி, 3 சென்ரிமீற்றர் ஆழம் தண்ணீரில் நிற்கும்படி வைத்தோம். எல்லாத் தண்ணீருக்கும் அதே இடைவெளி, அதே ஆழம். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் 0.1 மில்லியம்பியர். வெளியில் வாளி வைத்துப் பிடித்த மழைத்தண்ணீரில் 1. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் 30. பெரியம்மா வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்த வேலணைத் தீவுக் கிணற்றுத் தண்ணீரில் 110. கீரிமலைக் கடல் தண்ணீரில் மீற்றரின் மில்லியம்பியர் எல்லை போதாது, ஆம்பியர் அளக்கும் துளைக்கு வயரை மாற்றினேன், ஓர் ஆம்பியரைத் தாண்டி ஏறியது. உடனே எடுத்துவிட்டேன். எல்லாம் கண்ணுக்கு ஒரே தெளிந்த தண்ணீர்தான், மின்சாரத்துக்கு மட்டும் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்.

மழைத்தண்ணீர்க் கிளாசில் ஆனையிறவு உப்பு ஒரு சிட்டிகை போடச் சொன்னேன். 1 இருந்த இடத்தில் 80. இன்னொரு மழைத்தண்ணீர்க் கிளாசில் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கினாள், எண் அசையவே இல்லை. "சீனியும் கரையுதுதானே மாமா?" கரைகிறதுதான். ஆனால் சீனி கரையும்போது முழு மூலக்கூறாகவே பிரிகிறது, அதில் மின்னேற்றம் இல்லை. உப்பு கரையும்போது சோடியம் அயன், குளோரைட் அயன் என்று உடைகிறது. அதைச் சொல்லிக் கொடுப்பதைவிட அந்த இரண்டு கிளாசையும் அருகருகே வைத்துக் காட்டியது போதுமாக இருந்தது.

எங்கள் கிணற்றில் 30 வந்ததற்குக் காரணம் காலடியிலேயே இருக்கிறது. எங்கள் வலிகாமப் பகுதியில் செம்பாட்டு மண் கொஞ்சம்தான், கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதற்குள்ளால் இறங்கும்போது கல்சியத்தையும் பைகாபனேற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். தீவுப்பகுதியில் அதற்கு மேல் கடலுப்பும் சேர்ந்துகொள்கிறது. யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நன்னீர் உவர் நீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது எல்லோரும் அறிந்தது. இரண்டு கம்பியும் நீண்ட வயரும் இருந்தால் இந்த மாற்றத்தை ஆழம் ஆழமாக அளந்து பார்க்கலாம்.

அப்புறம் மரம். கொட்டில் போடும்போது மிஞ்சிய பனஞ்சிலாகைத் துண்டு ஒன்று அடுப்படிப் பரணில் காய்ந்து கிடந்தது. 5 சென்ரிமீற்றர் தள்ளி இரண்டு ஆணி அடித்து அளந்தோம். மீற்றர் எட்டும் எல்லைக்கு வெளியே. ஓர் இரவு கிணற்றுத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே துடைத்துவிட்டு அளந்தால் 80 கிலோஓம். உப்புத் தண்ணீரில் ஊறவிட்டால் 5. மரம் அதே மரம், ஆணி அதே ஆணி. தளபாடக்காரர் பலகையின் ஈரம் பார்க்கும் சின்னக் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது, இரண்டு ஊசியைக் குத்தித் தடையை அளந்து ஈரமாக மாற்றிக் காட்டுகிறது. தும்புக் கயிறும் அப்படித்தான். காய்ந்த கயிற்றில் ஒன்றுமில்லை, வாளியோடு கிணற்றுக்குள் போய் வந்த கயிறு நன்றாகவே கடத்தியது. 1729 இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே மின்சாரத்தைச் சணல் நூல் வழியாக நூற்றுக்கணக்கான அடி தூரம் அனுப்பிக் காட்டினார். நூலைத் தாங்கக் கட்டியிருந்த பட்டு நூல் அறுந்ததும் பித்தளைக் கம்பியால் கட்டினார். மின்சாரம் அந்தக் கம்பி வழியே இறங்கி ஓடிவிட்டது. தாங்கும் நூலின் தடிப்பு அல்ல, அது எந்தப் பொருள் என்பதுதான் முக்கியம் என்று அவர் கண்டுகொண்டது அங்கேதான். சணலைக் கடத்தியாக்கியது அது காற்றிலிருந்து பிடித்திருந்த ஈரம்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய், கண்ணாடி, பிளாஸ்டிக் ஒன்றிலும் அசைவு இல்லை. கறல் பிடித்த ஆணியில் மேலே வைத்தால் ஒன்றுமில்லை, கத்தியால் சுரண்டிய இடத்தில் வைத்தால் உடனே பூச்சியம். பென்சிலால் தாளில் தடிப்பாக இழுத்த 5 சென்ரிமீற்றர் கோட்டில் 8 கிலோஓம், பாதித் தூரத்தில் வைத்தால் 4க்குப் பக்கத்தில். அவளுடைய இரு கை விரல்களுக்கு இடையில் காய்ந்தபோது ஒரு மெகாஓமுக்குக் கிட்ட, நனைத்த பிறகு 100 கிலோஓம். இது மீற்றரின் சின்னப் பற்றரியில் வரும் எண். 230 வோல்ற்றில் தோலின் தடை உடைந்துவிடும், உடம்புக்குள்ளே இருப்பது ஆயிரம் ஓம் அளவுதான். இதை அவளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

60 வாற் பழைய குண்டு பல்ப் ஒன்றும் கிடந்தது. எரியும்போது கணக்குப்படி 880 ஓம் இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் அளந்தால் 65. உலோகம் சூடாகும்போது அணுக்கள் கூடுதலாக அதிர்ந்து இலத்திரன்களின் வழியை மறிக்கும். உப்புத் தண்ணீர் நேர்மாறு, சூடாக்கினால் இன்னும் நன்றாகக் கடத்துகிறது. "அப்ப வயருக்குள்ள இலத்திரன் சரியான வேகமா ஓடுமோ?" என்றாள். மோட்டருக்குப் போகும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 3 ஆம்பியர் ஓடினால், அவை நகரும் சராசரி வேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தள்ளுதல்தான் வேகமாகப் போகிறது, குழாய் நிறையத் தண்ணீர் இருந்தால் திறந்தவுடன் மறுமுனையில் கொட்டுவது போல.

இனித் திருத்தம். கப்பிலிருந்த வயரைக் கழற்றி எறிந்தேன். புதிதாக 0.67 மில்லிமீற்றர் இழை ஏழு கொண்ட செம்பு வயர், லைன், நியூற்றல், எர்த் மூன்றும், வீட்டிலிருந்து மோட்டர் வரை ஒட்டே இல்லாமல் பிவிசி குழாய்க்குள். குழாய் கப்பைத் தொடாமல் தனியாக நிற்கிறது. மெயின் சுவிச் இருக்கும் பலகைப் பெட்டிக்குள் செய்ய வேண்டிய வேலைக்குச் சுன்னாகத்திலிருந்து ஒரு வயர்மன் அண்ணை வந்தார். மோட்டர் லைனை மீண்டும் ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னால் கொண்டுவந்தார். அதிக வோல்ற்றில் மின்காப்பைச் சோதிக்கும் மெகர் வைத்து மோட்டரையும் சோதித்து நல்லது என்றார். "முந்தி இப்பிடிக் குடுத்தது ஆர்?" என்று மட்டும் கேட்டார்.

எர்த்துக்குத்தான் நாள் போனது. பழைய கம்பி நாலடிக் குழாய், பாதிதான் மண்ணுக்குள். அலவாங்கால் குத்தினால் இரண்டடியில் கல். அந்தக் கம்பியின் தடையை அளக்க, 20 மீற்றர் தள்ளி ஒரு கம்பியும் அதே கோட்டில் 12 மீற்றரில் இன்னொன்றும் குத்தினேன். மின்மாற்றியின் 12 வோல்ற்றை எர்த் கம்பிக்கும் தூரக் கம்பிக்கும் கொடுத்து ஓடும் மின்னோட்டத்தையும், எர்த் கம்பிக்கும் நடுக் கம்பிக்கும் இடையில் உள்ள வோல்ற்றையும் எடுத்தேன். 7.1 வோல்ற், 38 மில்லியம்பியர். வகுத்தால் 187 ஓம். எங்கள் வாழைப்பாத்திக்குக் கிணற்றுத் தண்ணீர் எப்போதும் ஓடும், அங்கே மண்ணும் ஆழம். அதில் புதிதாக ஒரு செம்புப் பூச்சுக் கம்பி அடித்து, செம்பு வயராலேயே பழையதோடு சேர்த்துக் கவ்வி போட்டு இறுக்கினேன். திரும்ப அளந்தால் 3.2 வோல்ற், 69 மில்லியம்பியர். 46 ஓம்.

கம்பியைச் சுற்றி உப்பும் கரியும் போடச் சிலர் சொன்னார்கள். கரி சரி. உப்பு போட்டால் எண் குறையும் என்பது கிளாசிலேயே தெரிந்ததுதான். ஆனால் உப்பு கம்பியை அரிக்கும், அடுத்த மழையில் சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியாக நாங்கள் குடிக்கும் கிணற்றுக்கே போகும். போடவில்லை.

46 ஓம் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். லைன் வயர் நேரே மோட்டர் உடலில் பட்டாலும் 230ஐ 46 ஆல் வகுத்தால் 5 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். 10 ஆம்பியர் பிரேக்கர் அதை ஒரு மோட்டர் ஓடுவதாக நினைத்து அசையாமல் இருக்கும், குழாயில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ட்ரிப் சுவிச்சுக்கு 30 மில்லியம்பியரே போதும். அதனால்தான் எங்கள் மாதிரிக் கல்லுநிலத்தில் எர்த் கம்பி மட்டும் போதாது, ட்ரிப் சுவிச்சும் சேர்ந்தே இருக்க வேண்டும். மழைக்கு விழுகிறது என்று அதை விலக்கிவிட்டு ஓட்டுபவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுக் கசிவைத் தேடுங்கள்.

மார்கழியில் திரும்பவும் இரண்டு நாள் கொட்டியது. கொட்டும்போதே மோட்டரைப் போட்டுவிட்டு, குழாய்க்கும் மண்ணில் குத்திய ஆணிக்கும் இடையில் அளந்தேன். 1 வோல்ற்கூட இல்லை. ட்ரிப் சுவிச் விழவில்லை. அதன் சோதனைப் பொத்தானை அமத்தினால் டக்கென்று விழுகிறது, மாதம் ஒருமுறை அமத்துவது இப்போது அக்காவின் மகளின் பொறுப்பு. அம்மா இரண்டு கிழமை வரைக்கும் புறங்கையால் தட்டிப் பார்த்துத்தான் குழாயைத் திறந்தார், இப்போது முன்போல.

பங்குனி வெயிலில் மண் காயும்போது அந்த 46 எவ்வளவுக்கு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அதே இடங்களில் அளப்பதற்காக 12 மீற்றரிலும் 20 மீற்றரிலும் ஆப்பு அடித்து, தலையில் சிவப்புப் பெயின்ற் பூசி விட்டிருக்கிறேன்.